மாலகைட், அசுரைட்: ஒரே செம்பு, இரண்டு நிறம்

கால்பந்து உலகக் கோப்பையின் படத்தை யாரும் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். மேலே உலக உருண்டை, அதைத் தாங்கி நிற்கும் இரண்டு மனித உருவங்கள், அடியில் இரண்டு பச்சை வளையங்கள். இத்தாலியச் சிற்பி சில்வியோ கசானிகா வடிவமைத்து, 1974 முதல் வழங்கப்பட்டு வரும் கோப்பை இது. தங்கம் 18 காரட். அந்தப் பச்சை வளையங்கள் மரகதமும் இல்லை, எனாமலும் இல்லை. மாலகைட் என்ற கல்.

மாலகைட்டுக்குக் கூடப்பிறந்த கல் ஒன்று உண்டு. பெயர் அசுரைட். அது கரு நீலம். இரண்டும் ஒரே சுரங்கத்தில், பல நேரம் ஒரே பாறைத் துண்டில் ஒட்டிக்கொண்டே கிடைக்கும். இரண்டும் செம்பின் கனிமங்கள். கடினத்தன்மையும் ஒன்றே. அப்படியிருந்தும் பச்சைக் கல் அரண்மனைத் தூண்களுக்கும் உலகக் கோப்பைக்கும் போயிருக்கிறது, நீலக் கல் பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலமாரியோடு நின்றுவிட்டது. புத்தகங்களில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டிருப்பார்கள். எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அட்டவணையை மட்டும் பார்த்தால் இந்தத் தலைவிதி வித்தியாசம் புரியாது.

மழைநீர் செய்யும் வேலை

செம்புத் தாது நிலத்தடியில் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்தே இருக்கிறது. பித்தளை நிறத்தில் மின்னும் சால்கோபைரைட் அதில் முக்கியமானது. இந்தத் தாது மண்ணின் மேற்பரப்புக்கு அருகில் வரும்போது, ஆக்சிஜன் கரைந்த மழைநீர் அதை மெதுவாக அரிக்கிறது. செம்பு கரைந்து நீரோடு கீழே இறங்குகிறது. வழியில் சுண்ணாம்புப் பாறையோ கார்பன் டை ஆக்சைடு நிறைந்த நீரோ குறுக்கிட்டால், செம்பு கார்பனேட்டாகப் படிந்துவிடுகிறது. இப்படித்தான் மாலகைட்டும் அசுரைட்டும் பிறக்கின்றன. ஆகவே பாறையில் பச்சைக் கறை தெரிந்தால் அடியில் செம்பு இருக்கலாம் என்று பழங்காலத்தவர்கள் கண்டுகொண்டார்கள். வேல்ஸ் நாட்டில் கிரேட் ஓர்ம் என்ற குன்றைச் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே எலும்புக் கருவிகளாலும் கல் சுத்தியல்களாலும் மக்கள் குடைந்தது இந்தப் பச்சைக் கல்லைத் தேடித்தான். எடையில் பாதிக்கு மேல், 57 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக, மாலகைட்டில் செம்பு இருக்கிறது. அசுரைட்டில் 55 சதவீதம்.

நம் வீட்டுச் செம்புக் குடத்தில் பிடிக்கும் பச்சைக் களிம்பு இதற்கு நெருங்கிய சொந்தம். ஈரக்காற்றும் கார்பன் டை ஆக்சைடும் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் கார்பனேட்டும் களிம்பில் உண்டு. (நியூயார்க் சுதந்திரதேவி சிலையின் பச்சையும் மாலகைட்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் சல்பேட் வகை. நகரக் காற்றில் கலந்த கந்தகத்தின் கைவரிசை.)

இனி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. மாலகைட்டில் இரண்டு செம்பு அணுவுக்கு ஒரு கார்பனேட். அசுரைட்டில் மூன்று செம்பு அணுவுக்கு இரண்டு கார்பனேட். அதாவது அசுரைட் உருவாகக் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வேண்டும். நிலத்தடி நீரில் அது தாராளமாகக் கிடைக்கும்போது நீலக் கல் வளர்கிறது. நிலைமை மாறி, கார்பன் டை ஆக்சைடு குறைந்தால், அசுரைட்டால் அப்படியே இருக்க முடிவதில்லை. இரண்டு பங்கு அசுரைட் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, மூன்று பங்கு மாலகைட்டாக மாறிவிடுகிறது. நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றில் நிலையானது பச்சைதான். நீலம் என்றைக்காவது பச்சையாக வேண்டியதே. நம் ஆயுளுக்குள் அது நடந்து முடிவது அபூர்வம், ஆனால் போகும் திசை அதுதான்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். நமீபியாவின் சூமெப் சுரங்கத்திலிருந்தும் பிரான்சில் லியோன் நகருக்கு அருகிலுள்ள செஸ்ஸி சுரங்கத்திலிருந்தும் வந்த சில படிகங்களை அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். கூரிய விளிம்பு, சாய்ந்த முகங்கள் என்று வடிவம் அச்சு அசலாக அசுரைட். நிறம் மட்டும் முழுப் பச்சை. நீலப் படிகம் தன் உருவத்தை விடாமல் உள்ளிருக்கும் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது. சிலவற்றில் பாதி மட்டுமே மாறியிருக்கும், ஒரு முனை நீலம், மறுமுனை பச்சை. மாலகைட் தனியாக வளரும்போது இப்படிப்பட்ட பெரிய கூர்ப்படிகம் ஆவதே அரிது என்பதால், கனிமம் படித்தவர்கள் பார்த்தவுடனே இதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவார்கள்.

சொந்த நிறம், இரவல் நிறம்

நவரத்தினத்தில் வரும் நீலக்கல்லும் (சஃபையர், அசுரைட் இல்லை) மாணிக்கமும் அடிப்படையில் நிறமே இல்லாத ஒரே கனிமம்தான். அலுமினியம் ஆக்சைடு. அதில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், துளி இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். கலப்பு இல்லாவிட்டால் வெறும் வெள்ளை. அங்கே நிறம் இரவல் வாங்கியது.

மாலகைட்டுக்கும் அசுரைட்டுக்கும் நிறம் சொந்தம். நிறம் தருவது செம்பு. செம்பை எடுத்துவிட்டால் அந்தக் கனிமமே இல்லை. இரண்டிலும் செம்பு வெள்ளொளியின் சிவப்புப் பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆனால் செம்பு அணுவைச் சுற்றி ஆக்சிஜன் அணுக்கள் உட்கார்ந்திருக்கும் அமைப்பு இரண்டிலும் வேறு வேறு. அதனால் எந்த நிறங்கள் விழுங்கப்படுகின்றன, எவை தப்பி வெளியே வருகின்றன என்பது மாறுகிறது. ஒன்றில் பச்சை தப்புகிறது, மற்றதில் நீலம்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதேபோல இந்தக் கற்களை மெருகில்லாத வெள்ளைப் பீங்கானில் தேய்க்க வேண்டும். குளியலறை டைல்ஸின் பின்பக்கம் போதும், மேலே மெருகு இருக்கும் பக்கம் உதவாது. மாலகைட் வெளிர் பச்சைக் கோடு போடும். அசுரைட் வெளிர் நீலக் கோடு போடும். இரவல் நிறக் கற்களில் பெரும்பாலானவை தூளானால் வெள்ளையாகிவிடும். இவை தூளானாலும் நிறத்தை விடாது. நகையில் பதித்த கல்லை மட்டும் இப்படித் தேய்த்துவிடாதீர்கள், கோடு விழுந்த இடத்தில் கல் தேய்ந்திருக்கும். இந்தச் சோதனை சாணை பிடிக்காத துண்டுகளுக்கு மட்டும்.

தூளானாலும் நிறம் போகாத கல் ஓவியனுக்குப் பெரும் வரப்பிரசாதம். பண்டைய எகிப்தியர்கள் மாலகைட்டை அரைத்துக் கண்மை தீட்டினார்கள். இடைக்கால ஐரோப்பாவில் ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் லாபிஸ் லாசுலி என்ற வேறொரு கல்லின் நீலத்துக்குத் தங்கத்தோடு போட்டிபோடும் விலை. அதனால் பல ஓவியர்கள் அடியில் அசுரைட் பூசி, மேலே மட்டும் மெல்லிசாக லாபிஸ் நீலத்தைத் தடவினார்கள். அசுரைட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. மணல்போல் கொரகொரவென்று அரைத்தால் ஆழ்ந்த நீலம் வரும். நைசாக அரைத்தால் வெளிறிய வான் நீலம்தான். கொரகொர தூளோ பசையில் சரியாக ஒட்டாது, பல அடுக்குப் பூச வேண்டும். ஜப்பானியப் பாரம்பரிய ஓவியத்தில் இன்றும் இந்த இரண்டு கல்லின் தூளையும் பருமன் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பருமனையும் ஒரு தனி நிறமாகப் பயன்படுத்துகிறார்கள்.

3.5 என்றால் எவ்வளவு மென்மை?

ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் ஒரு வரிசை அமைத்தார். எது எதைக் கீறும் என்பதை வைத்துப் பத்துப் படிகள். முதல் படி முகப்பவுடராகும் டால்க், பத்தாவது வைரம். நம் விரல் நகம் சுமார் 2.5. சன்னல் கண்ணாடி சுமார் 5.5. குவார்ட்ஸ் 7. மாலகைட்டும் அசுரைட்டும் 3.5 முதல் 4 வரை. நகத்தால் கீற முடியாது, பேனாக்கத்தியால் சுலபமாகக் கீறலாம்.

கத்திதானே, யார் நகையைக் கத்தியால் கீறப்போகிறார்கள் என்று தோன்றும். வில்லன் கத்தி இல்லை, தூசி. வீட்டுத் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது 7. தூசி படிந்த மாலகைட் பதக்கத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தாலே கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல் விழும். சில மாதத்தில் பளபளப்பு மங்கிப்போவதற்கு இதுவே காரணம். முதலில் ஊதியோ தண்ணீர் விட்டோ தூசியை அகற்றிவிட்டு, அதன் பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நவரத்தின மோதிரம் பல ஆண்டு போட்டவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஒன்பது கற்களில் முத்தும் பவளமும்தான் முதலில் சோர்ந்துபோகும். அவை இரண்டும் கிட்டத்தட்ட இதே கடினத்தன்மைதான், அவையும் கார்பனேட்தான், செம்புக்குப் பதில் கால்சியம். அதனால் முத்துக்கு என்னென்ன ஆகாதோ அத்தனையும் இந்த இரண்டுக்கும் ஆகாது என்று வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை, வினிகர், புளி போட்டுத் தேய்ப்பது, வியர்வை ஊறுவது, சென்ட் அடித்த கழுத்தில் உடனே போடுவது, எல்லாமே கெடுதல். அமிலம் பட்டால் கார்பனேட் நுரைத்துக் கரையும். வெள்ளி நகையில் மாலகைட் பதித்திருக்கிறது, வெள்ளி கறுத்துவிட்டது என்று புளி வைத்துத் தேய்த்தால் வெள்ளி மின்னும், கல் மாவு பூத்துவிடும். நகைக்கடையில் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் நீராவியிலும் இவற்றைக் காட்டக் கூடாது.

சூடு இன்னும் மோசம். சில நூறு டிகிரியில் இரண்டு கல்லும் தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் இழந்து கன்னங்கரிய செம்பு ஆக்சைடாகிவிடும். அதற்கு மேல் கரி சேர்த்துச் சூடேற்றினால் செம்பே வந்துவிடும், மனிதன் உலோகம் உருக்கக் கற்றுக்கொண்டதே இப்படித்தான். ஆகவே மோதிரம் அளவு மாற்ற ஆசாரியிடம் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவையுங்கள் என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். பச்சைக் கல் என்றால் மரகதமோ ஜேடோ என்று நினைத்து ஊதுகுழலைக் காட்டிவிட வாய்ப்புண்டு.

கடினம் ஒன்றே, உறுதி வேறு

கடினத்தன்மை என்பது கீறலுக்குத் தாக்குப்பிடிப்பது. உடையாமல் தாக்குப்பிடிப்பது வேறு விஷயம். அட்டவணையில் ஒரே எண் போட்டிருக்கும் இந்த இரண்டு கல்லும் பிரிவது இங்கேதான்.

மாலகைட் பெரும்பாலும் ஊசி ஊசியான நுண்ணிழைகளாக வளர்கிறது. இழைகள் நெருக்கமாகக் கட்டிக்கொண்டு, குகைக் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுபோலவோ, திராட்சைக் கொத்துப்போலவோ, அடுக்கடுக்காகத் திரள்கின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் இழையின் பருமன் கொஞ்சம் மாறும். பருமனான இழை கரும்பச்சை, நுண்ணிய இழை வெளிர்பச்சை. வெட்டிப் பார்த்தால் வளையம் வளையமாக, கண் கண்ணாகத் தெரியும் கோலம் இப்படி வருவதுதான். பின்னிக்கொண்ட இழைகள் என்பதால் கல் ஓரளவு சேர்ந்து நிற்கும், நன்றாக மெருகேறும், கிலோ கணக்கில் பாளமாகவும் கிடைக்கும். கடைசிக் காரணத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது.

அசுரைட் தனித்தனிப் படிகமாக வளர விரும்புகிறது. அழகு கொள்ளை அழகு. ஆனால் எளிதில் நொறுங்கும். நிறமோ அளவுக்கு மீறிய ஆழம். வைரம்போல் பட்டை தீட்டலாமென்றால், சில மில்லிமீட்டரைத் தாண்டியதும் ஒளி உள்ளே போய் வெளியே வராது, கல் கறுப்பாகத் தெரியும். மெல்லிய சில்லில்தான் அந்த நீலம் உயிரோடு இருக்கும். பட்டை தீட்டிய அசுரைட் உலகில் இருக்கிறது, பெரும்பாலும் பொட்டளவில், பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்கு. படிகமாக இல்லாமல் உருண்டையாகக் கிடைக்கும் அசுரைட்டோ மண்போல நுண்துளை நிறைந்திருக்கும். பிசினோ மெழுகோ ஏற்றி இறுக்கினால்தான் மணியாக வெட்ட முடியும்.

மாலகைட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ரஷ்யர்கள் காட்டினார்கள். யூரல் மலைத்தொடரில் நிஷ்னி தகில் பகுதிச் சுரங்கத்தில் 1830களில் பிரம்மாண்டமான மாலகைட் பாளம் கிடைத்தது. 1837 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்கால அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டியபோது கட்டிடக் கலைஞர் அலெக்சாண்டர் பிரியுல்லோவ் ஓர் அறையின் தூண்களையும் கணப்படுப்புகளையும் பச்சையாலேயே அமைத்தார். தூண் முழுக்கக் கல் என்று நினைத்துவிட வேண்டாம். மாலகைட்டைச் சில மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்து, வளையக் கோலம் ஒன்றோடொன்று தொடரும்படி பொறுக்கிச் சேர்த்து, வேறு பொருளால் ஆன உருளைமேல் ஒட்டியிருக்கிறார்கள். இணைப்பில் மாலகைட் தூளையே பசையில் குழைத்து அடைத்திருக்கிறார்கள். அருகில் போனாலும் ஒட்டு தெரியாது. அதே ஊரின் செயின்ட் ஐசக் தேவாலயத்தில் எட்டுப் பச்சைத் தூண்கள் இதே முறையில் நிற்கின்றன. பக்கத்தில் இரண்டு நீலத் தூண்கள். அவை அசுரைட் இல்லை, லாபிஸ் லாசுலி. நீலம் வேண்டியபோது அசுரைட்டை யாரும் நம்பவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

இன்றைக்குச் சந்தைக்கு வரும் மாலகைட்டில் பெரும்பகுதி காங்கோவின் செம்புப் பகுதியிலிருந்து வருகிறது. இந்தியாவில் இதை மணியாகவும் பதக்கமாகவும் வெட்டித் தருவதில் ஜெய்ப்பூர்ப் பட்டறைகள் பேர்போனவை.

போலியைப் பிடிப்பது

மாலகைட் போலிகள் ஏராளம். பிளாஸ்டிக், நிறமேற்றிய பிசின், களிமண், எல்லாம் உண்டு. முதலில் கோடுகளைப் பாருங்கள். இயற்கைக் கல்லில் ஒரு வளையம் அகலம், அடுத்தது மெல்லிசு, ஓரிடத்தில் நெளியும், ஓரிடத்தில் தேயும். போலியில் கோடுகள் ஒரே சீராக இருக்கும், பச்சைக்கும் கறுப்புக்கும் இடையே எல்லை கத்தரித்த மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் அசல் கல் குளுகுளுவென்றும் கனமாகவும் இருக்கும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உலோகம் ஏதும் கோக்காத கல்லாக இருக்க வேண்டும். முதலில் கல்லை எடைபோடுங்கள், 40 கிராம் என்று வைப்போம். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண் கல் விலக்கிய தண்ணீரின் எடை. 10 கிராம் காட்டினால், 40ஐ 10ஆல் வகுக்க, அடர்த்தி 4. மாலகைட் 3.6 முதல் 4 வரை வரும், அசுரைட் 3.8 அளவில் வரும். பிளாஸ்டிக்காக இருந்தால் விடை 1.2, 1.4 என்று படுத்துவிடும். லாபிஸ் லாசுலி 2.7 முதல் 2.9. ஆக, நீலக் கல்லை அசுரைட் என்று சொல்லி லாபிஸைத் தந்தாலும் பிடித்துவிடலாம். கல் சிறியதாக இருந்தால் தராசின் பிழையே விடையை விழுங்கிவிடும், குறைந்தது 20, 30 கிராம் வேண்டும்.

பெயரில் மாலகைட் இருந்துகொண்டு கல்லோடு சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வெண்டைக்காய், பட்டாணியில் கலப்படமாகப் பூசப்படுகிறது என்று உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கும் மாலகைட் கிரீன் ஒரு செயற்கைச் சாயம். அதில் செம்பும் இல்லை, கல்லும் இல்லை. பச்சை ஒற்றுமைக்காக வைத்த பெயர்.

வாங்குவதானால்

என்னைக் கேட்டால், மாலகைட்டைப் பதக்கமாகவோ தோடாகவோ தயங்காமல் வாங்கலாம். மோதிரமும் வளையலும் வேண்டாம். கை எதையாவது இடித்துக்கொண்டேயிருக்கும், பாத்திரம் கழுவும், புளி கரைக்கும். அசுரைட்டை நகையாக வாங்குவது காசைக் கரியாக்குவது. படிகமாகவோ, மாலகைட்டோடு சேர்ந்து நீலமும் பச்சையும் கலந்து வளர்ந்த துண்டாகவோ வாங்கி, வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். நகையாகவே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாகிஸ்தானின் ஸ்கர்து பக்கத்திலிருந்து வரும், கே2 கல் என்று விற்கப்படும் வெள்ளைக் கிரானைட். அதன்மேல் மை சொட்டியது மாதிரி வட்ட வட்டமாக நீலப் புள்ளிகள் இருக்கும். சாயம் என்று பலர் சந்தேகப்படுவார்கள், ஆனால் அது அசுரைட்தான். கிரானைட் சுற்றி நின்று காப்பதால் உரசலுக்கு ஓரளவு தாங்கும்.

கல்லை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கல்லில் மட்டும் அந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் என்றால் இன்னும் ஆபத்து, செம்பு தாராளமாகக் கரையும். களிம்பேறிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாதென்று ஈயம் பூசிய ஊர் நம்முடையது. சாணை பிடிப்பவர்களும் இதை ஈரத்தில்தான் அறுப்பார்கள், முகக்கவசத்தோடு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் கெடுதல். மெருகேற்றி முடித்த கல்லைத் தோலில் படும்படி அணிவதில் பயமில்லை, வியர்வை பட்டால் வெள்ளைத் தோலில் லேசாகப் பச்சை பிடிக்கலாம், சோப்பில் போய்விடும்.